ஐம்பத்திரண்டு கிலோவும் ஒரு சிட்டிகை திருநீறும்

1997 பெப்ரவரி 9, ஞாயிறு

ரொறன்ரோவுக்குப் பக்கத்தில், மில்லிக்கனில் குலசிங்கம் அங்கிள் வீட்டில் பிறந்தநாள் விழா. என் புருசன் வழக்கம்போல எல்லாரிடமும் "சந்திரா ரொக்கெட் செய்யிறா" என்று அளந்துகொண்டிருந்தார். எத்தனை தரம் சொல்வது இந்த மனுசனுக்கு? ரொக்கெட் இல்லை, பூமியைச் சுற்றுகிற செய்மதி. அதுவும் சின்னச் செய்மதி. நான் அதற்கு வயர் பற்றவைக்கிறவள், அவ்வளவுதான்.

அங்கிள் விடவில்லை. "சின்னன் எண்டால் எவ்வளவு சின்னன், பிள்ளை?"

சொன்னேன். பெரியவை பஸ் அளவு, பாரம் தொன் கணக்கில். ஐந்நூறு கிலோவுக்குக் கீழே வந்தால் சின்னது என்பார்கள். நூறுக்குக் கீழே மைக்ரோ, பத்துக்குக் கீழே நானோ. எங்களுடையது ஐம்பத்திரண்டு கிலோ, உடுப்புத் தோய்க்கிற மெஷினில் பாதி. பெரியதற்கு நூற்றுக்கணக்கான மில்லியன் டொலர் போகும். எங்களுடையதற்கு ஐந்து மில்லியன். தனி ரொக்கெட்டும் கிடையாது. பெரிய செய்மதி போகிற ரொக்கெட்டில் ஒரு மூலையில் தொற்றிக்கொண்டு போகவேண்டும்.

"அப்ப உது கலியாண பஸ்ஸிலை இடம் கேட்டுப் போற ஆள் மாதிரி" என்றார் அங்கிள். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அந்த பஸ் யாருக்காகவும் நிற்காது. மார்ச் ஏழாந் தேதி பெட்டி கட்டி அனுப்பாவிட்டால் எங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

பெப்ரவரி 20, வியாழன்

செய்துவிட்டேன். யாருக்கும் சொல்லவில்லை.

புதுக் கார் எடுத்தாலே ரிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கொண்டுபோய், சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, ஐயர் திருநீறு பூசின பிறகுதான் ஓட்டுகிறோம். எண்ணூறு கிலோமீற்றர் மேலே போகிறதைச் சும்மா அனுப்புவதா? இரண்டு வருசம் என் கை பட்ட சாமான். மத்தியானம் செய்மதி இருக்கிற அறையில் தனியே நின்றேன். கையுறைக்குள் மடித்து வைத்திருந்த திருநீற்றில் ஒரு சிட்டிகை எடுத்து அடிச்சட்டத்தின் உட்பக்கத்தில் பூசினேன். முருகா, நீதான் துணை.

பெப்ரவரி 25, செவ்வாய்

குலுக்கல் சோதனை. ரொக்கெட் எழும்பும்போது அதிர்கிற மாதிரி மேசையில் வைத்து உதறுவார்கள். ஒரு ஆணிகூடக் கழலவில்லை.

பெப்ரவரி 26, புதன்

கமெராக் கண்ணாடியில் தூசி. எங்கள் தலைமை இன்ஜினியர் ஹெலன் நுணுக்குக்காட்டியில் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் சொன்னார்: சாம்பல்.

என் திருநீறுதான். பூசின இடத்துக்கும் கமெராவுக்கும் ஒரு முழம்கூட இல்லை. உதறலில் பறந்திருக்கிறது. பெரிய செய்மதி என்றால் முக்கியமானதற்கெல்லாம் மாற்று ஒன்று இருக்கும். சின்னதில் பாரமும் காசும் மிச்சம் பிடிக்க எல்லாம் ஒன்றே ஒன்று. கமெராவும் ஒன்றே ஒன்று.

எனக்கென்ன விசரா? தலையிலிருந்து கால்வரை மூடிக்கட்டிக்கொண்டு அந்த அறைக்குள் போவது எதற்கென்று தெரியாதா — ஒரு தூசி புகக்கூடாது என்றுதானே?

பெப்ரவரி 27, வியாழன்

அந்த அறைக்குள் போகிறவர்களில் சிகரெட் பிடிக்கிறவர் ஒரே ஒரு ஆள். நிலம் துடைக்கிற நீக்கிலாஸ் அண்ணை. மன்னார்க்காரர். பார்க்டேலிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர். நான்தான் சொல்லி அந்த வேலையை எடுத்துக் கொடுத்தேன்.

"செய்மதியைத் தொட்டாயா?" என்று ஹெலன் கேட்டார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இல்லை என்று ஒரு சொல் சொல்லவில்லை. ஏன்? ஏன் சொல்லவில்லை? வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை முடிவு.

பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. சீ.

பெப்ரவரி 28, வெள்ளி

வீட்டில் இவரிடம் சொன்னேன். குதித்தார். "உமக்கு விசரே? வாயைத் திறக்காதையும். அந்த மனுசனுக்குத் துடைக்கிற வேலை எங்கையும் கிடைக்கும். உமக்கு உப்பிடி ஒரு வேலை இன்னொருக்காக் கிடைக்குமே?"

கிடைக்காது. தெரியும்.

மார்ச் 1, சனி

இன்றும் வேலை. கண்ணாடியைத் துடைக்கப் பயப்படுகிறார்கள். எதன் சாம்பல் என்று தெரியாமல் ஏதாவது திரவத்தைப் போட்டால் மேற்பூச்சு கழன்றுவிடுமாம். இன்னும் ஆறு நாள். அது என்ன சாம்பல் என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

மார்ச் 2, ஞாயிறு

நாளைக்கு நீக்கிலாஸ் அண்ணையின் முடிவு.

மார்ச் 3, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மாட்டுச் சாணத்தை எரித்த சாம்பல் என்று இங்கிலீஷில் ஒருமாதிரிச் சொல்லி முடித்தேன். ஹெலன் சிரிக்கவில்லை, கத்தவுமில்லை. என் முகத்தைப் பார்க்காமல், மிச்சத் திருநீற்றைக் கொண்டுவா என்றார். பழைய கண்ணாடி ஒன்றில் அதைப் பூசி, எதால் துடைத்தால் கீறாமல் போகிறது என்று பார்த்தார்கள். பின்னேரம் கமெராவும் சுத்தம்.

நீக்கிலாஸ் அண்ணையை வரச்சொல்லி ரெலிபோன் போனது. எனக்கு, நாளை முதல் வரவேண்டாம் என்று கடிதம். பஸ்ஸில் வாய்விட்டு அழுதேன். யார் பார்த்தால் என்ன.

மே 22, வியாழன்

ரொக்கெட் போய்விட்டது. செய்தியில் பெரியதின் பெயரை மட்டும் சொன்னார்கள்.

யூன் 15, ஞாயிறு

இப்போது பிக்கரிங்கில் காருக்கு வயர் கட்டுகிற தொழிற்சாலையில் வேலை. கூலி குறைவு. சாப்பாட்டுக்குக் குறைவில்லை.

இன்று நீக்கிலாஸ் அண்ணை வந்தார், கையில் ஒரு கடித உறையோடு. ஹெலன் கொடுத்துவிட்டதாம். உள்ளே எங்கள் கமெரா எடுத்த முதல் படம். ஒன்ராறியோ ஏரி, அதன் ஓரத்தில் ரொறன்ரோ. ஒரு தூசி இல்லை. பின்பக்கத்தில் "சந்திராவுக்கு" என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கண் கலங்கிவிட்டது.

இத்தனை நாள் மனதில் கிடந்ததைக் கேட்டேன். "அண்ணை, அண்டைக்கு ஏன் தொடேல்லை எண்டு சொல்லேல்லை?"

"தொட்டனான்தானே, தங்கச்சி" என்றார். "மிட்லண்ட் மாதா கோயில் தீர்த்தம். நல்லபடி போகட்டும் எண்டு கமெராக்குப் பக்கத்திலை ரெண்டு துளி தெளிச்சனான். அதுதான் காய்ஞ்சு கண்ணாடியைப் பழுதாக்கிப்போட்டுதெண்டு நினைச்சன்."

"இதை ஹெலனுக்குச் சொன்னனீங்களே?"

"திங்கட்கிழமை சொல்ல இருந்தனான். நீங்கள் முந்தீட்டியள்."

கோபம்தான் வந்தது முதலில். பிறகு சிரிப்பு வந்து, இரண்டு பேரும் தேத்தண்ணியைச் சிந்துமளவு சிரித்தோம்.

அவர் போன பிறகு படத்தைச் சாமித்தட்டில் வைக்கப் போனேன். வேண்டாம், அங்கே திருநீறு படும். குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.