தீவுக்குப் போன அவித்த நெல்

என் அண்ணனுக்கு,

ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நான் போன பிறகா பேசுகிறாய் என்று சிரிப்பாய். நீ இருந்தபோது பேசியிருந்தால் நீ பதில் சொல்லியிருப்பாய். அந்தப் பதிலுக்குத்தான் பயந்தேன்.

உன் தீவுக்குப் போய்விட்டு வந்தேன். "ஒரு தடவ வந்து பாருடா" என்று அந்தமானிலிருந்து நீ போனில் கூப்பிட்ட போதெல்லாம் அறுவடை, பரீட்சை, அப்பாவுக்கு முடியவில்லை என்று ஏதோ சொன்னவன், நீ இல்லாத வீட்டுக்கு இந்தத் தையில் கிளம்பினேன். உன் சாவுக்கு வரவில்லை. ஐப்பசி மழை, கப்பல் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். விமானம் இருந்தது.

போர்ட் பிளேரிலிருந்து படகில் இரண்டு மணி நேரம். முதலில் மை மாதிரி இருந்த கடல், தீவு நெருங்க நெருங்க நாற்றங்கால் பச்சைக்கு வந்தது. இதைத்தான் நீ போனில் சொல்லச் சொல்ல நான் 'உம்' கொட்டிக்கொண்டிருந்தேனா?

இறங்கிய இடத்தில் டீக்கடை வைத்திருக்கும் ராமநாதபுரத்துக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தஞ்சாவூர் வீட்டுக்குங்களா? தம்பிதானே நீங்க? மூக்கே சொல்லுதே."

அங்கே உன் பெயரே தஞ்சாவூராம். நடவு நேரத்தில், அப்பாவுக்கு வலது கை விழுந்த வருஷத்தில், ஊரை விட்டுப் போனவன் நீ. அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தவன் நான். ஆராய்ச்சிப் படிப்புக்குக் கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, வாய்க்காலில் தண்ணீர் வருமா என்று பார்த்துக்கொண்டு கிடந்தவன் நான். ஊரில் என்னை வாத்தியார் என்கிறார்கள், ஊர்ப்பெயர் உனக்கு. அந்த டீயைக் குடிக்கும்போதும் எனக்கு அது பொறுக்கவில்லை.

அப்பா காரியத்துக்கு நீ அழைத்து வந்தபோது அண்ணிக்கு வங்காளம் தவிர ஒன்றும் வராது. இப்போது நம் ஊர்த் தமிழ் பேசுகிறார். "எல்லாம் உங்கண்ணன் சொல்லிக் குடுத்ததுதான் தம்பி. தப்பு இருந்தா அவரத்தான் கேக்கணும்" என்றார். சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்க் கொஞ்ச நேரம் வரவில்லை.

மறுநாள் காலையில், இரவே தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைக் கொண்டுவந்து வைத்தார். மேலே கடுகெண்ணெய், பச்சை மிளகாய், வெங்காயம், பக்கத்தில் பொரித்த மீன். கடுகெண்ணெய் நெடிக்கு நான் தும்மினேன்.

"அவரும் இப்படித்தான் தும்முனாரு. இதுக்கு எங்க பாஷைல பாந்தா பாத். எங்க அப்பா வீட்டுல மொத நாள் இதப் போட்டோம். நம்ம பழைய சோறு இங்கயும் இருக்கான்னு கேட்டாரு. மறு வாரம் பொண்ணு கேட்டு வந்துட்டாரு."

எதிரில் நீ உட்கார்ந்து சாப்பிடும் பலகை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அதை யாரும் எடுத்துப் போடவில்லை.

கடல் வற்றும் நேரம் பார்த்து அண்ணி என்னைக் கரைக்கு அழைத்துப் போனார். பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் நீல மீன்கள் விரல் நீளத்துக்கு ஓடின. செத்த சங்குக்குள் குடியேறி அதை இழுத்துக்கொண்டு நடக்கும் நண்டுகளைப் பார்த்தேன். ஒரு கோடையில் நீ அவற்றைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாய். "இங்க குடிக்கத் தண்ணி இல்ல, நீ நண்டுக் கதை சொல்ற" என்று போனை வைத்தேன். அதன் மீதிக் கதை என்ன அண்ணே? ஒரு நண்டு என் செருப்பு வரை வந்து திரும்பிப் போனது. காட்ட ஆளில்லை.

அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. அதற்கு முன் வயலைப் பார்த்துவிடலாம் என்றார். பாக்கு மரங்களுக்குப் பின்னால் அரை ஏக்கர் இருக்கும். வரப்பை ஓரம் செதுக்கிச் சேறு பூசியிருந்த விதத்திலேயே உன் கை தெரிந்தது. ஒரு மூலை மட்டும் தரிசு.

ஏழு வருஷத்துக்கு முன் நீ போனில் கேட்டது அப்போது காதில் ஒலித்தது. "டேய், கிச்சிலிச் சம்பா வெதநெல்லு பத்து கிலோ அனுப்பேன். இந்த மழைக்கு நம்ம நெல்லு வரும்னு தோணுது." சரி என்றேன். நீயும் வந்து சேர்ந்தது என்று மட்டும் சொன்னாய். அதற்கப்புறம் அந்த நெல்லைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

"இங்கதான் நாத்தங்கால்னாரு. ஊருலேந்து நெல்லு வருதுன்னு உழுது வச்சிருந்தாரு" என்றார் அண்ணி. "மூட்டயப் பிரிச்சு ஒரு கை அள்ளி மோந்து பாத்தாரு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் சிரிச்சாரு. 'பாத்தியா என் தம்பிய, ஒனக்கு வேல வைக்கக் கூடாதுன்னு அவிச்சே அனுப்பிருக்கான்'னாரு. ஒரல்ல குத்திக் கஞ்சி வச்சோம். எங்க ஊரு அரிசின்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் குடுத்தாரு."

நான் வரப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியாமதானே தம்பி அனுப்புனீங்க?"

"ஆமாண்ணி. மூட்ட மாறிப்போச்சு."

மாறவில்லை. விதைநெல் பரண்மேல் இருந்தது. அவித்தது மில்லுக்குப் போக வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. அவித்த நெல் முளைக்காது என்பதும், முகர்ந்ததுமே உனக்கு அது தெரிந்துவிடும் என்பதும் தெரிந்துதான் மூட்டை கட்டினேன். நம் ஊர் மண்ணில் உனக்கு இனி விதை கிடையாது என்று சொல்ல, படித்த எனக்கு வேறு வாக்கியம் கிடைக்கவில்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாயே, அப்போது என்ன நினைத்தாய்? அண்ணி முன்னால் என் மானத்தைக் காப்பாற்றவா அப்படிச் சொன்னாய்? இல்லை, நிஜமாகவே அப்படி நம்ப ஆசைப்பட்டாயா? எது என்றாலும் எனக்குத் தூக்கம் வராது. ஆனாலும் தெரிய வேண்டும் போலிருக்கிறது.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நீ விட்டுப் போன வருஷம் விட்டுப் போனதுதான். ஆனால் இந்த முறை அறுவடை மிஷின் வயலில் இறங்கும் முன்பே ஒரு மூலையைக் கையால் அறுத்து, தட்டி, தனியாகக் காய வைத்தேன். எத்தனை முளைக்கிறது என்று பார்க்க, நேற்று நூறு மணியை ஈரச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். வைகாசி மழைக்கு முன் அந்த மூட்டையை நானே சுமந்து வருவேன். அந்த மூலையில் நானே சேறு கலக்கி விதைப்பேன். முளைக்கிற வரை ஊர் திரும்ப மாட்டேன்.

அதற்கு முன் இந்தக் கடிதம் போகட்டும். உறையில் 'தஞ்சாவூர் வீடு' என்று எழுதித் தீவின் பெயரைப் போட்டிருக்கிறேன். அண்ணிக்குத் தமிழ் படிக்க வராது. டீக்கடைக்காரர்தான் வாசித்துக் காட்ட வேண்டும், அதனால் கடையில் இருக்கிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கேட்கட்டும்.

கீழே 'உன் தம்பி' என்று எழுதினேன். பிறகு அடித்துவிட்டு, இதையே வேறு தாளில் எழுதினேன். இந்தத் தாளின் கீழே பெயரும் போடவில்லை, உறவும் போடவில்லை. வாசித்து முடித்ததும், கீழே யார் என்று போடவில்லையே என்று டீக்கடைக்காரர் அண்ணியைக் கேட்பார். அண்ணி என்ன சொல்கிறாரோ, அதுவாக இருந்துவிட்டுப் போகிறேன்.