நெஞ்சுக்கு மேலே எடுத்த படங்கள்

மாப்பிள்ளையூரணி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

நான், முத்தரசி, அத்தை, மாமா நான்கு பேரும் சுகம். அஜ்மானில் நீங்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று செந்தூர் முருகனிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பில் பேசுகிறவள் எதற்கு ஈமெயிலில் இவ்வளவு நீளமாக எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். அங்கே நான் பத்து வரி எழுதினால் நீங்கள் கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறீர்கள். இதற்காவது உட்கார்ந்து பதில் எழுத வேண்டியிருக்குமே.

முத்தரசிக்கு முன்பல் விழுந்துவிட்டது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள். மாமா கடையில் வியாபாரம் பரவாயில்லை. பெய்யக் கூடாத நேரத்தில் பெய்த மழையில் உப்பளத்தில் வேலை நின்றுவிட்டது, அதனால் கடனுக்குச் சரக்கு கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். அத்தைக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு லீவு கிடைக்காது என்று எழுதியிருந்தீர்கள். சரி, குடும்பப் படத்திலாவது நீங்கள் இருக்க வேண்டும் என்று மாமா ஆசைப்படுகிறார். ஸ்டுடியோ பாஸ்கல் அண்ணாச்சியிடம் கேட்டேன். உங்கள் படத்தைக் கொடுத்தால் எங்கள் பக்கத்தில் நிற்கிற மாதிரி சேர்த்துத் தருவாராம். நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதைக் காட்டினேன். ஒரே பார்வையில் ஒதுக்கிவிட்டார். "இதப் பெருசாக்குனா மொகம் கட்டம் கட்டமா சிதறிரும் தங்கச்சி. மெயில்ல போடச் சொல்லுங்க. அதுவும் ஆளு முழுசா நிக்கணும், நெஞ்சு வரைக்கும் வச்சு நான் என்ன செய்யது?" என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் நானும் கவனித்தேன். வீட்டுக்கு வந்தவுடன் நீங்கள் சமீபத்தில் அனுப்பிய படங்களை வரிசையாகத் தள்ளிப் பார்த்தேன். எல்லாமே நெஞ்சுக்கு மேலேதான். பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். முன்பெல்லாம் கடற்கரை, உங்கள் ரூமில் இருக்கும் மொகுதூம் அண்ணனோடு பிரியாணிக் கடை, குடோன் வாசலில் லாரி என்று எதையாவது அனுப்புவீர்கள். இப்போது அந்த ஊரில் சுவரைத் தவிர ஒன்றும் இல்லையா?

வீடியோவில் வரச் சொன்னால் வைஃபை சரியில்லை என்கிறீர்கள். போன வாரம் ஏன் பதிலே இல்லை என்று கேட்டதற்கு, "கரண்ட் போயிட்டு, சார்ஜ் இல்ல" என்று எழுதினீர்கள். இத்தனை வருஷத்தில் அஜ்மானில் கரண்ட் போனதாக நீங்கள் சொன்னதே கிடையாது. ஊரில் கரண்ட் போகும்போதெல்லாம் எங்களைக் கேலி செய்கிறவர் நீங்கள்.

நான் ஒன்றும் நினைக்கவில்லை. முழுப் படம் ஒன்றை ஈமெயிலில் அனுப்புங்கள், அது போதும்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,
சண்முகப்ரியா


மாப்பிள்ளையூரணி
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் ஈமெயில் கிடைத்தது. படமும் கிடைத்தது. ஆனால் எனக்குச் சந்தோஷம் இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு கன்டெய்னருக்கும், சரக்கைச் சோதிக்கும் சர்வேயர் படம் எடுத்து அனுப்புவார். போன மாதம் முந்திரிக் கொட்டை மூட்டைகள் நனைந்து வந்தன. சர்வேயர் அவசரத்தில் படங்களை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். இது எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது என்று எப்படி நம்புவது என்று இன்சூரன்ஸ்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் போகிற படம் சுருங்கிப் போவதோடு, எடுத்த தேதியையும் இடத்தையும் உதறிவிட்டுத்தான் வந்து சேரும். போனில் எடுத்ததை அப்படியே ஈமெயிலில் அனுப்பினால் எல்லாம் கூடவே வரும். அதனால் எங்கள் ஆபீஸில் இப்போது ஈமெயில் மட்டும்தான்.

நீங்கள் அனுப்பியது வாட்ஸ்அப்பில் கிடந்த பழைய படம். அதை எடுத்து ஈமெயிலில் ஒட்டியிருக்கிறீர்கள். படத்தின் பெயரிலேயே வாட்ஸ்அப் போடுகிற 'WA' எழுத்து இருக்கிறது. அதில் நீங்கள் போட்டிருக்கும் நீலச் சட்டை, போன தீபாவளிக்கு நான் கொடுத்து அனுப்பியது. அந்தச் சட்டை கிழிந்துவிட்டது என்று நீங்களே பொங்கலுக்கு முன்னால் சொன்னீர்கள்.

ஊர்க்காரர்களிடம் நான் எதுவும் சொல்லவில்லை. என்னோடு வேலை பார்க்கும் ஜெயஷீலாவிடம் மட்டும் சொன்னேன். அவள் சட்டென்று, "ஏளா, நெஞ்சுக்கு மேல மட்டும் அனுப்புதாருன்னா, பக்கத்துல நிக்கவளை வெட்டிட்டு அனுப்புதாருன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். என் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றினாள்.

அதற்குப் பிறகு உங்கள் படங்களின் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்றில் தோளுக்குப் பின்னால் கொடியில் ஒரு துணி தெரிகிறது. பூப்போட்ட துணி. ஆண்கள் தங்குகிற கேம்ப்பில் அது யாருடையது? பெரிதாக்கிப் பார்த்தால் பாஸ்கல் அண்ணாச்சி சொன்ன மாதிரி எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறிவிடுகிறது. துணி எது, சுவர் எது என்று தெரியவில்லை. இந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டீர்கள்.

மொகுதூம் அண்ணனுக்கு மெசேஜ் போட்டேன். "பாண்டி நல்லா இருக்கான் தங்கச்சி" என்று மட்டும் பதில் வந்தது. அடுத்து கேட்டதற்குப் பதில் இல்லை. ஒரே ரூமில் இருக்கிறவர்கள், நீங்களும் அவரும் சேர்ந்து எதை மறைக்கிறீர்கள்?

நேராகவே கேட்கிறேன். அங்கே வேறு யாராவது இருக்கிறார்களா? இருந்தால் சொல்லிவிடுங்கள். என்னிடம் சம்பளம் இருக்கிறது, மகள் இருக்கிறாள். நான் சாகமாட்டேன். தெரியாமல் கிடப்பதுதான் என்னால் முடியவில்லை.

யாரும் இல்லை என்றால், இன்றைக்கே ஒரு படம் எடுங்கள். நின்றபடி, தலையிலிருந்து பாதம் வரைக்கும். எடுத்த கையோடு ஈமெயிலில் அனுப்புங்கள். இது பாஸ்கல் அண்ணாச்சிக்காக இல்லை, எனக்காக.

முருகன் உங்களுக்கு நல்ல புத்தி கொடுக்கட்டும்.

சண்முகப்ரியா


மாப்பிள்ளையூரணி
திங்கட்கிழமை

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தைப் பேனாவால் எழுதி, உறையில் போட்டு, மொகுதூம் அண்ணன் மனைவி ஜுலைஹாவின் பெயருக்கு அனுப்புகிறேன். காயல்பட்டினம் முகவரிக்கு. உறையைப் பார்த்ததுமே உங்களுக்குப் பாதி புரிந்திருக்கும். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

சனிக்கிழமை நீங்கள் அனுப்பிய படம் வந்தது. நிற்கச் சொல்லியும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்கள். இடுப்பு வரைக்கும்தான் இருந்தது. கன்னம் ஒட்டிப்போய், தாடி வைத்து, ஆளே மாறியிருந்தீர்கள். இந்த முறை அது அன்றைக்கே எடுத்த படம். அதை அழுத்தி விவரத்தைத் திறந்தேன். தேதி சரியாக இருந்தது. கீழே மேப்பில் அஜ்மானைத் தேடினேன். அது காட்டியது நம் திருச்செந்தூர் ரோட்டில், காயல்பட்டினத்தில் ஒரு வீட்டை.

போன் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். எங்கள் ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் எஸ்றாவைக் கூப்பிட்டு, யார் படம் என்று சொல்லாமல், மேப் தப்பாகக் காட்டுமா என்று கேட்டேன். "ஒண்ணு ரெண்டு தெரு தள்ளிக் காட்டும்க்கா. கடலத் தாண்டியெல்லாம் காட்டாது" என்றான்.

ஒரு மணி நேர பஸ் தூரத்தில் இருந்துகொண்டு, வைஃபை இல்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கோபத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் வீட்டுக்கு வரவில்லை என்றால் அந்த வீட்டில் யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே செய்துவிட்டேன். அத்தையிடம் ஆபீஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டு நேற்று காலை திருச்செந்தூர் பஸ்ஸில் ஏறினேன். போகிற வழி முழுக்க அவளிடம் என்ன பேச வேண்டும் என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட இல்லை.

காயல்பட்டினத்தில் இறங்கி, போனைக் கையில் பிடித்துக்கொண்டு சந்து சந்தாக நடந்தேன். இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டிய சந்துகள். ஒரு வீட்டு வாசலில் நின்று போனையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. பூப்போட்ட தாவணியைத் தலையில் போட்டபடி ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். இவள்தான் என்று போனைப் பைக்குள் போட்டேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு, "நீங்க பாண்டி காக்கா வீட்டுல தானே? போட்டோல பாத்திருக்கேன். உள்ள வாங்க லாத்தா" என்றாள். அவள்தான் ஜுலைஹா. உங்களை அண்ணனாகக் 'காக்கா' என்றும் என்னை அக்காவாக 'லாத்தா' என்றும் கூப்பிட்டாள்.

நான் வாசலிலேயே நின்றேன். எங்கே அவர் என்று கேட்டேன். அதட்டித்தான் கேட்டேன். அவள் விரலை உதட்டில் வைத்து, "சத்தம் போடாதீங்க லாத்தா. காக்கா பின்கட்டுல நடந்து பழகுதாங்க. ஆளு நிக்கது தெரிஞ்சா விழுந்துருவாங்க" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடந்து பழக நீங்கள் என்ன குழந்தையா? அவள் என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், பின்கட்டுக் கதவை லேசாகத் திறந்துவிட்டாள்.

அத்தான், நான் பார்த்தேன்.

மொகுதூமின் வாப்பா முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். நீங்கள் ஒரு கையால் சுவரைப் பிடித்திருந்தீர்கள். கைலியை மடித்துக் கட்டியிருந்தீர்கள். வலது முழங்காலுக்குக் கீழே அந்தப் புதுக் காலைப் பார்த்தேன். நான்கு எட்டு வைத்தீர்கள். அடுத்ததில் சாய்ந்து விழுந்தீர்கள். வாப்பா தூக்க வந்தபோது, "இருங்க வாப்பா, நானே எந்திக்கேன்" என்றீர்கள். எழுந்தீர்கள். திரும்பவும் சுவரைப் பிடித்தீர்கள்.

ஜுலைஹா மெதுவான குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். குடோனில் ஃபோர்க்லிஃப்ட் சரிந்து சரக்கு காலில் விழுந்ததை, அங்கே ஆஸ்பத்திரியில் காலை எடுத்ததை, மொகுதூம் அண்ணன் உங்களைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்து இந்த வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பிப் போனதை. "வீட்டுக்குப் போங்கன்னு வாப்பா சொல்லாத நாளில்ல. போகும்போது எப்படி நடந்து போனேனோ அப்படித்தான் உள்ள போவேன், அதுவரைக்கும் ப்ரியாவுக்குத் தெரியக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம்" என்றாள். ஈமெயிலில் அனுப்பிய படத்தைக்கூட அவள் மாமியார்தான் எடுத்தாராம். காலைத் தவிர்த்து எடுக்கச் சொல்லி இரண்டு தடவை அழிக்க வைத்தீர்களாம்.

நான் ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பீர்கள். ஒரு அடி எடுத்து வைத்தேன். அப்போது நீங்கள் திரும்பவும் நடக்க ஆரம்பித்திருந்தீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த நேரத்தில் நான் எதிரில் வந்து நின்றால், கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல வந்தவள் மாதிரி ஆகிவிடும். திருடனைப் பிடிக்கிற மாதிரி உங்களைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஜுலைஹாவிடம், நான் வந்ததை நானே சொல்லும்வரை சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா வேர்க்கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள்.

இப்போது நான் கோபமாகத்தான் இருக்கிறேன். அதை மறைக்கமாட்டேன். இல்லாத ஒருத்தியை வைத்து நான் உங்களைச் சந்தேகப்பட்டேன். அது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நீங்கள் என்ன செய்தீர்கள்? கால் போன பிறகு இவள் என்னை எப்படிப் பார்ப்பாளோ என்று நினைத்துத்தானே சுவரை மட்டும் அனுப்பினீர்கள்? அதுவும் சந்தேகம்தான், அத்தான். என் மேல். ஆஸ்பத்திரியில் உங்களுக்கு நினைவு வந்தபோது முதலில் தெரிந்திருக்க வேண்டியது எனக்கு. மொகுதூம் அண்ணனுக்குத் தெரியும், அவர் வாப்பாவுக்குத் தெரியும், ஜுலைஹாவுக்குத் தெரியும். முன்பின் பார்த்திராத ஒரு வீடு உங்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, நான் இங்கே கொடியில் காயும் துணியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தைக்கும் மாமாவுக்கும் நான் சொல்லவில்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது. சொல்லும்போது நான் பக்கத்தில் இருப்பேன்.

கொத்தனார் பர்னபாஸ் நாளை வருகிறார். பாத்ரூமில் நாற்காலி மாதிரி உட்காருகிற டாய்லெட்டும், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வைக்கிறார். வாசலில் படிக்குப் பதிலாகச் சரிவாகப் பூசச் சொல்லியிருக்கிறேன். அத்தையின் முழங்காலுக்கு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தை மட்டும், "எனக்காவா இவ்வளவு செய்யுத?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

மொகுதூமின் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். ஜுலைஹாவை நான் மனதுக்குள் பேசிய பேச்சுக்கு அவளிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்பேன். எதற்கு என்று தெரியாமல் அவள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

அடுத்த ஞாயிறு காலை ஆட்டோ பிடித்துக்கொண்டு அந்தச் சந்து முனையில் வந்து நிற்பேன். உங்களுக்கு விருப்பம் இருந்தால் வாருங்கள். வாப்பாவின் தோளைப் பிடித்து வந்தாலும் சரி, சக்கர நாற்காலியில் வந்தாலும் சரி, என்னை உள்ளே கூப்பிட்டாலும் சரி. நம் வீட்டுக்குள் நீங்கள் நடந்துதான் வர வேண்டும் என்று இல்லை, அத்தான்.

உங்கள்
ப்ரியா