இருபத்து நான்காம் இடம்

ஜூன் 10, செவ்வாய்

பட்டியல் இன்று காலை வெளியானது. அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்கள் தொடங்க மூன்று மாதம் இருக்கிறது, ஒருவனும் பந்தைத் தொடவில்லை. அதற்குள் முப்பத்திரண்டு அணிகளில் யார் முதல், யார் கடைசி என்று வரிசைப்படுத்திவிட்டேன். பிள்ளை பெற்றபின் வேலைக்குத் திரும்பி எழுதிய முதல் பெரிய கட்டுரை. நம் ஊர் கிரீன் பே அணிக்கு இருபத்து நான்காம் இடம்.

மதியத்துக்குள் அறுநூறு பேர் இணையத்தில் அதன் கீழே கருத்து எழுதிவிட்டார்கள். "இல்லினாய்ஸுக்கே திரும்பிப் போ." நான் அந்தப் பக்கத்து மாநிலத்தில் பிறந்தவள் என்று இவர்களுக்கு யார் சொன்னது? நம் ஊருக்குப் பரம எதிரியான அந்த மாநிலத்துச் சிகாகோ அணியை ஒன்பதாவதாகப் போட்டிருந்தேன். அது போதும்போல.

ஜூன் 11

மாமனார் நார்பர்ட் வழக்கம்போல ஏழு மணிக்கு வந்தார். என் கணவன் ட்ரெவர் காகித ஆலையில் இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறான். குழந்தை இடாவை அவர் பார்த்துக்கொள்வதால்தான் நான் பத்திரிகை அலுவலகத்துக்குப் போக முடிகிறது. "என்னம்மா, தூங்கினியா?" என்று கேட்டுக்கொண்டே வருவார். இன்று கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கி அதனிடம் சொன்னார்:

"குட்டி, பால் தீந்துபோச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

"மாமா, நான் இங்கேயேதான் நிக்கிறேன்."

"குட்டி, எங்கியோ இருபத்து நாலு வீடு தள்ளி யாரோ பேசுற மாதிரி இல்ல?"

சிரிப்பு வந்தது. அலுவலகம் போகும் வழியில் அழுகை வந்தது. இவர் வராவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஜூன் 12

இடாவுக்கு உடம்பு சுடுகிறது. பல்லா, காய்ச்சலா? நாலு தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

பல்தான். கீழே ஒரு வெள்ளைக் கீற்று.

தந்தையர் தினம். நார்பர்ட் வீட்டுப் பின்புறம் சாசேஜ் சுட்டார். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக என் தட்டில் ஒன்று. கருகியது.

"பொண்ணு தேடும்போதே சொன்னேன், மாநில எல்லையைத் தாண்டாதேன்னு" என்றார் ட்ரெவரிடம், நான் எதிரே இருக்கும்போதே.

"அப்பா, போன வருஷம் டிவி மேல செருப்பை எறிஞ்சது யாரு?"

"நான் எறிவேன்டா. என் டீம்."

அப்படியானால் எனக்கு எது டீம்? நான்கு வருடமாக இங்கே இருக்கிறேன். குழந்தையை இங்கேதான் பெற்றேன்.

என்னை அரிப்பது அவர் பேச்சு இல்லை. பந்தெறிபவனின் முதுகைக் காப்பது இடது பக்கத் தடுப்பாளர்கள். நம் ஆட்கள் இருவர் மார்ச்சில் வேறு அணிக்குப் போய்விட்டார்கள், வந்திருப்பவர்கள் புதுசு. இதுதான் காரணம் என்று எழுதினேன். ஆனால் இதுதானா? ஊர்ப் பாசம் இல்லாதவள் என்று காட்டிக்கொள்ள வேண்டுமென்றே இறக்கினேனா? இல்லை, நார்பர்ட் சொல்வதுபோல அந்தப் பக்கத்து ரத்தமா? சிகாகோவுக்கு ஒன்பது — அந்த அணியே உயிர் என்றிருந்த என் அப்பாவின் நினைவில் போட்டதா? தெரியலையே. எனக்கே தெரியலையே.

ஜூலை 18

ஆசிரியர் கோரின் கூப்பிட்டாள். ஆகஸ்ட் கடைசியில் இரண்டாவது பட்டியல் வர வேண்டும்.

"நம்ம டீமை முப்பதாவதா இறக்கிடு டெஸ். ஊரே வந்து கத்தும். அந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி மேல கேக்க முடியும்."

என் தற்காலிக வேலை ஆகஸ்டோடு முடிகிறது. வீட்டுக்கு வந்தால் இங்கே இன்னொரு பேரம்:

"குட்டி, பத்துக்குள்ள கொண்டுவந்தா தாத்தா பேசுவேன்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

ஒருத்திக்கு இறக்க வேண்டும், ஒருத்தருக்கு ஏற்ற வேண்டும். அணி உண்மையில் எங்கே இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜூலை 29

பயிற்சி முகாம். பிள்ளைகள் சைக்கிளோடு வரிசையில் நின்றார்கள். வீரர்கள் ஆளுக்கொரு சைக்கிளில் ஏறி மைதானத்துக்குப் போவார்கள், சைக்கிளின் சொந்தக்காரப் பிள்ளை தலைக்கவசத்தைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடும். இங்கே எல்லா வருடமும் இப்படித்தான். அந்த வரிசையில் நார்பர்ட்! தள்ளுவண்டியில் இடா, பக்கத்தில் சிவப்பு நிற மூன்று சக்கர வண்டி. இன்னும் உட்காரவே தடுமாறுகிற குழந்தைக்கு!

இடது பக்கத்துக்கு வந்திருக்கிற அந்தப் புதுப் பையன் நின்றான். மலை மாதிரி உடம்பு. வண்டியைப் பார்த்தான், தன்னைப் பார்த்தான், சிரித்தான். தலைக்கவசத்தை இடாவின் மடியில் வைத்துவிட்டு, மூன்று சக்கர வண்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான். நார்பர்ட்டின் முகம்! எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

பிறகு பயிற்சியில் அதே பையனை எதிர்வரிசை ஆட்கள் மறுபடி மறுபடி தாண்டிப் போனார்கள். ஒருமுறை மல்லாந்து விழுந்தான். எழுந்துடு, எழுந்துடுடா என்று முணுமுணுத்துக்கொண்டே குறித்துக்கொண்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் நார்பர்ட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 26

இரண்டாவது பட்டியல் கொடுத்துவிட்டேன். நான்கு நாள் பழைய ஆட்டங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அணியின் பெயரை மறந்துவிட்டு. சிகாகோ பதின்மூன்றுக்கு இறங்கியது. முதலில் போட்ட ஒன்பதில் அப்பாவின் பங்கு இருந்திருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. நம் அணி மட்டும் நகரவில்லை. இருபத்து நான்கு.

"அதே இடமா? இதை யாரு படிப்பா?" என்றாள் கோரின்.

"அங்கதான் இருக்கு கோரின். நான் என்ன செய்ய?"

"சரி. உன் வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

ஆகஸ்ட் 30, சனி

நார்பர்ட் ஒரு தபால் அட்டையை ஆட்டிக்கொண்டே வந்தார். இடா பிறந்த அன்றே மைதானத்தின் வருடச் சீட்டுக்கான காத்திருப்போர் வரிசையில் அவள் பெயரைப் பதிந்துவைத்தவர். அதில் அவளுடைய இடம் வந்திருக்கிறது.

"ஒரு லட்சத்து நாப்பதாயிரத்துச் சொச்சம்!" என்று குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டினார்.

"இந்தக் கணக்குல அவ பேத்திக்குத்தான் சீட்டு" என்றான் ட்ரெவர்.

"வரும்டா. பொறுமை வேணும்."

எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ. குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். "குட்டி, தாத்தாகிட்ட கேளு. ஒரு லட்சத்து நாப்பதாயிரத்தைப் பொறுத்துக்கிறவருக்கு இருபத்து நாலு ஏன் பொறுக்கலைன்னு."

ட்ரெவர் வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினான். நார்பர்ட் தொப்பியைக் கழற்றி, அதன் உட்புறத்தைப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"குட்டி, உங்கம்மாகிட்ட சொல்லு... இடது பக்கம் ஓட்டைதான். நானும் பாத்தேன்." கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "நான் சொன்னதா ஊர்ல மூச்சு விடக்கூடாதுன்னும் சொல்லு."

செப்டம்பர் 5

கிறிஸ்துமஸ் வரைக்கும் வேலை நீட்டிப்பு. நிரந்தரம் இல்லை. கோரின் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருக்கட்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

நேற்று முதல் ஆட்டம். ஜெயித்துவிட்டோம்! கடைசி நிமிடத்தில், மூன்று புள்ளி வித்தியாசத்தில். நானும் கத்தினேன், இடா பயந்து அழும் அளவுக்கு. ராத்திரி முழுக்கப் புரண்டேன். காலையில் மனிதர் என்னை என்ன பாடு படுத்தப் போகிறாரோ.

ஏழு மணிக்குக் கதவு திறந்தது.

"என்னம்மா, தூங்கினியா?"

கையில் இருந்த பால் புட்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். "இல்ல மாமா."

"நானும்தான்." நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார். "ஜெயிச்சோம், சரி. ஆனா அந்த இடதுபக்கத்துப் பையன் இருக்கானே..."

அலுவலகத்துக்குப் போகும்வரை பேசினோம். இடா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் எதையும் சொல்லச் சொல்லவில்லை.