ஒரு அடி மண்

புரட்டாசி 11, செவ்வாய்

மூடிக் கிடக்கும் ரசாயன ஆலையின் நிலத்தைச் சுத்தம் செய்யும் முன், எங்கெங்கே மண் எடுத்துச் சோதிப்பது என்ற திட்டத்தைச் சரிபார்த்தவள் நான். கழிவு ஓடிய பழைய ஓடையை மட்டும் விட்டிருந்தார்கள். சண்டை போட்டு அதைச் சேர்க்க வைத்தேன். அந்தப் பெருமையோடுதான் இன்று காலை போனேன்.

ஓடையைக் காணவில்லை. முழங்கால் உயரத்துக்குப் புதிதாகச் செம்மண் கொட்டி நிரவியிருந்தார்கள்.

"இன்னும் ஆழமா தோண்டுங்க" என்றேன்.

ஆலை இன்ஜினியர் திட்டத்தை நீட்டினார். "ஒரு அடின்னுதான மேடம் இருக்கு? நீங்கதான கையெழுத்துப் போட்டிய?"

இடங்களைப் பார்த்த நான் ஆழத்தைப் பார்க்கவில்லை. நேற்று வந்த மண்ணை அள்ளி, பையில் போட்டு, சீல் வைத்தார்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி எழுதிக் கேட்டாலும் என் கையெழுத்தைத்தான் எனக்குக் காட்டுவார்கள்.

ஓடையை ஒட்டிய வீட்டுச் செல்வமேரி அக்கா, தன் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் கொண்டுவந்தாள்.

"நீங்க சத்தம் போட்ட பொறவுதான் நல்ல மண்ணு கொண்டாந்து தட்டுனாவ. இனி பயமில்லல்லா?"

செம்பை வாங்கினேன். அப்படியே திருப்பிக் கொடுத்தேன். நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்பதை அவள் பார்த்துவிட்டாள்.