நீலத் தொப்பி மாப்பிள்ளை

மோர்னிங்சைட், ஸ்காபுரோ
19.2.1989

அன்புள்ள அத்தானுக்கு,

நான் நல்ல சுகம். மாமியும் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே கனடாவில் இன்னும் பனி கொட்டுகிறது. அண்ணை விடிய எழும்பிக் காரைத் தோண்டி எடுத்துத்தான் ஒஷாவாவுக்கு வேலைக்குப் போகிறார். எங்கள் கலியாணத்துக்கு ஆகஸ்டில் மண்டபம் பேசியாயிற்று. றிச்மண்ட் ஹில் கோயில் ஐயர் வந்து நடத்தித் தருவாராம்.

உங்கள் கடிதம் வந்தது. நாலு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் ஐக்கிய நாடுகள் சபை, நமீபியா, அங்கே நடக்கப்போகும் தேர்தல், அதற்குக் காவல் போகிறவர்களின் நீலத் தொப்பி. மிச்சம் அரைப் பக்கம் எனக்கு. அதிலும் உங்களோடு பொலிஸ் ஸ்டேசனில் வேலை செய்யும் ஜோசப்பின் என்ற பெண் பாதி இடத்தைப் பிடித்துவிட்டா. உங்களைப் போல அவவும் அங்கே போகப் பேர் கொடுத்திருக்கிறாவாம், நல்ல துணிச்சல்காரியாம். அவவின் துணிச்சல் எனக்கு எதற்கு?

உலகப் படத்தில் சிங்கப்பூரை விரல் நுனியால் மறைக்கலாம். "கடுகளவு நாடு, ஊரெல்லாம் காவலுக்குப் போகப் போகுதோ?" என்று அண்ணை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போக மாட்டேன் என்று ஒரு வரி எழுதுங்கோ.

உங்கள்
மங்கை

சிங்கப்பூர்
6.3.1989

என் அன்பு மங்கைக்கு,

உமது கடிதத்தை அம்மாவும் வாசித்தா. வாசித்துவிட்டு என்னைத்தான் முறைத்தா.

அரசாங்கம் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறது. இப்படியொரு வேலைக்கு நாங்கள் இதுவரை ஆள் அனுப்பியதில்லை. எங்கள் கன்டீனிலேயே இரண்டு கட்சி. இருக்கிற ஆட்கள் இந்த ஊருக்கே காணாது, எங்களுக்கேன் வீண் வேலை என்று ஒரு கட்சி. நான் மற்றக் கட்சி. பெரிய நாட்டுக்குத் தன் கை போதும். எங்களைப் போலச் சின்ன நாட்டுக்கு நாளைக்கு ஒன்றென்றால் மற்றவர்கள்தான் வரவேண்டும். நாங்கள் ஒரு இடமும் போகாமல் இருந்தால் எங்களுக்கு ஆர் வருவார்கள்?

போகச் சொன்னால் கார்த்திகை, மார்கழி வரை நிற்க வேண்டிவரும். கலியாணத்தைத் தைக்குத் தள்ளலாமா என்று அண்ணையிடம் கேட்டுப் பாரும். ஜோசப்பின் என்னைவிடப் பத்து வயது மூத்தவ. அந்த யோசனையை விடும்.

அன்புடன்
இரத்தினவேல்

மோர்னிங்சைட்
22.3.1989

அத்தானுக்கு,

தைக்குத் தள்ளுவதோ? "தைக்கு வைச்சால் பனிக்குள்ளை ஆர் வரப்போகினம்? மாப்பிள்ளைக்கு விருப்பமில்லையோ எண்டும் கேக்கப்போகினம்" என்று அண்ணி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டா.

பத்து வயது மூத்தவ என்றால் எனக்கு எரியாது என்று நினைத்தீர்களோ? ஓம், பொறாமைதான். மறைக்க மாட்டேன். நான் இங்கே தையல் பக்டரியில் நாள் முழுக்கச் சேர்ட்டுக்குக் கொலர் வைக்க, அவ உங்களோடு ஒரே ஜீப்பில் ஏறுவா, ஒரே கூடாரத்தில் தேத்தண்ணி குடிப்பா. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் அவவுக்குத்தான் தெரியும்.

சமாதானம் காக்கிறோம் என்று ஊருக்கு வந்த இந்தியப் படையைப் பற்றி அங்கே இருக்கிற சின்னம்மா எழுதுவதெல்லாம் உங்களுக்கும் தெரியும். அந்தப் பேரைக் கேட்டாலே எங்கள் சனத்துக்கு வயிறு பற்றுகிறது. அந்தப் பேரோடோ நீங்களும் வெளிக்கிடப் போகிறீர்கள்?

நான் சொல்லி நீங்கள் கேட்கப் போவதில்லை. கெதியாகத் தாலிக்குப் பொன்னுருக்கச் சொல்லி மாமிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவ செய்வா.

மங்கையற்கரசி

சிங்கப்பூர்
17.4.1989

மங்கைக்கு,

அம்மா செய்துவிட்டா. போன புதன்கிழமை வேலையால் வர, வாசலில் நிறைகுடம். உள்ளே ஆசாரியார் கரிச்சட்டியோடு இருக்கிறார். அம்மா பட்டுச்சேலையில் நிற்கிறா. சீருடையைக் கழற்றவும் விடாமல் என்னைப் பிடித்து இருத்தித் தாலிப் பொன்னை உருக்கினார்கள். கலியாணத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கச் செய்கிற காரியத்தை நாலு மாதத்துக்கு முதல் செய்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

"பொன்னுருக்கியாச்சு. இனிக் கலியாணப் பந்தலுக்குத் தவிர நீ ஒரு பயணமும் போகேலாது. போனால் என்ரை தம்பியின்ரை பிள்ளையின்ரை தாலிக்குத்தான் கேடு" என்று அழுதா. அடுத்த நாள் போய் என் பேரை எடுத்துவிட்டேன். ஐக்கிய நாடுகள் சபை கேட்டால் அரசாங்கம் எங்கள் ஆட்களை அனுப்பும் என்றுதான் இப்போது கதை. ஜோசப்பின் போவா.

நீர் வென்றுவிட்டீர். ஆகஸ்டுக்கு வருவேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எண்பத்துமூன்று ஆடியில், கொழும்பில் மாமாவின் வீட்டை அவரோடு சேர்த்துக் கொளுத்துகிறார்கள் என்று ரெலிபோன் வந்தபோது நான் வேலைக்கு வெளிக்கிட்டு நின்றேன். அம்மா என் சேர்ட்டைப் பிடித்து, "நீ பொலிஸ்தானே, போய் அவனைக் கூட்டிக்கொண்டு வா" என்று கத்தினா. நான் அப்படியே நின்றேன். வேறென்ன செய்வது? யாருடைய வாசலிலாவது போய் நின்றால் அந்தக் குரல் என் காதை விட்டுப் போகும் என்று நினைத்துத்தான் பேர் கொடுத்தேன்.

இரத்தினவேல்

மோர்னிங்சைட்
3.5.1989

என் அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை பஸ்ஸுக்குள் வாசித்தேன். இறங்க மறந்து கடைசித் தரிப்பு வரை போய்விட்டேன். ட்ரைவர் வந்து, சுகமில்லையோ என்று கேட்டார்.

உங்களுக்கு நான் எழுதாத ஒன்று இருக்கிறது. அன்றைக்கு அப்பா வாசல் கேற்றைப் பூட்டவில்லை. நான் பூட்டப் போனேன், கையைத் தட்டிவிட்டார். "பொலிஸ் வரும் பிள்ளை. பூட்டிக் கிடந்தால் அவங்கள் எப்பிடி உள்ளுக்கு வாறது?" என்றார். என்னைப் பின் மதிலால் பக்கத்து வீட்டுக்கு ஏற்றிவிட்டு, திரும்பவும் கேற்றடிக்குப் போய் நின்றார். பொலிஸ் சந்தியில்தான் நின்றது. வரவில்லை.

ஜோசப்பினில் எரிந்தது உண்மைதான். பொய் சொல்ல மாட்டேன், இப்போதும் கொஞ்சம் எரிகிறது. ஆனால் போன கிழமை ரீவியில் நமீபியாவைக் காட்டினார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் நீலத் தொப்பிக்காரரின் வாகனத்தைப் பார்த்துச் சிரித்தா. எனக்கு அவவைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல வந்தது. அவவுக்கு வருகிறார்கள், எங்களுக்கு ஏன் வரவில்லை? அண்ணி ரீவியை நிற்பாட்டிவிட்டா. நான் குசினிக்குள் போய் அழுதேன்.

கோயில் ஐயரிடம், பொன்னுருக்கின பிறகு மாப்பிள்ளை தூரம் போனால் என்ன பரிகாரம் என்று கேட்டேன். இப்படி ஒருவரும் தன்னிடம் கேட்டதில்லை என்றார். பிறகு, "வந்தாப் பிறகு திரும்ப ஒருக்கா உருக்குங்கோ, பிழையில்லை" என்றார். அதை மாமிக்கும் எழுதிவிட்டேன். அண்ணை மண்டபத்தைத் தைக்கு மாற்றிவிட்டார். அண்ணி இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை.

பேரைத் திரும்பக் கொடுங்கோ. எடுக்கமாட்டோம் என்றால் மன்றாடிக் கேளுங்கோ. எனக்கு இந்தப் பொறாமை தீராது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ரீவியில் சிரித்த அந்தப் பெண்ணும் கேற்றைத் திறந்துதான் வைத்திருப்பா. நேரத்துக்குப் போங்கோ.

உங்கள்
மங்கை