பிளேன் சீட்டில் மாமா

செந்துறை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சத்யா அப்பாவுக்கு,

தேவயானி எழுதுவது. நானும் சத்யாவும் மாமாவும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுவோம், அதனால்தான் கடிதம். அரியலூர் பிரேம் தம்பி ஷார்ஜாவுக்குத் திரும்புகிறார். முந்திரிப்பருப்போடு இதையும் அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

ஊரில் எல்லோரும் டிராக்டர் வாங்கினார்கள். நீங்கள் காயலான் கடையிலிருந்து பழைய போர் விமானத்தை வாங்கி வந்து லாரியிலிருந்து இறக்கினீர்கள். நான் ஒரு வார்த்தை சொன்னேனா? லீவுக்கு வந்தால் என்னைவிட அதைத்தான் அதிகம் பார்த்தீர்கள். அதற்கும் சிரித்துக்கொண்டேன். போன முறை பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று சீட்டைத் தனியாகக் கழற்றிக் கொட்டகையில் கட்டைமேல் வைத்துவிட்டுப் போனீர்கள். மத்தியானம் மாமா, உங்களைப் பெற்றவர், அதில்தான் தூங்குவார் என்று உங்களுக்கும் தெரியும். விமானம் விழும்போது ஆளை வெளியே தூக்கி வீசும் சீட் அது, அடியில் வெடிமருந்து இருக்கும், ஆனால் இதில் எப்போதோ எடுத்துவிட்டார்கள் என்று சொன்னீர்கள். நானும் நம்பினேன்.

ஆயுத பூஜைக்கு ஸ்பேனர், ஜாக்கி எல்லாவற்றையும் துடைத்து இலையில் வைத்தேன். சீட்டில் சிவப்பு நாடா தொங்கும் கம்பி ஒன்று துருப்பிடித்துச் செருகியிருந்தது. அதையும் உருவிப் புளி போட்டுத் தேய்த்துக் குங்குமம் வைத்தேன். மஞ்சளும் கறுப்பும் அடித்த வளையத்தில் பூச்சரம் கட்டினேன். வளையத்தை இழுத்தால் வெடிக்கும், கம்பிதான் அதற்குப் பூட்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நான் அனுப்பிய பூஜை போட்டோவைப் பார்த்ததும் வீடியோ காலில் வந்தீர்கள். சீட்டின் பின்பக்கத்தைக் காட்டச் சொன்னீர்கள். அங்கே இருந்த குழாயைப் பார்த்துவிட்டு, மருந்து எடுக்கவே இல்லை என்றீர்கள். சீட்டில் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். பூச்சரம் அவர் விரலில் சுற்றியிருந்தது. "கம்பியத் திரும்பச் செருகாத. எதையும் தொடாத. நீ வெளிய வந்துடு" என்றீர்கள். மாமாவை விட்டுவிட்டா என்று கேட்டேன். அப்புறமும் "நீ வெளிய வந்துடு தேவயானி" என்றுதான் சொன்னீர்கள்.

நான் போனை அணைத்துவிட்டேன். சத்யாவின் கத்தரிக்கோலை எடுத்து, வளையத்துக்கும் மாமா விரலுக்கும் நடுவே சரத்தை வெட்டினேன். கத்தரிக்கோல் பட்டு நானே வளையத்தை இழுத்துவிடுவேனோ என்று பயந்தேன். அவர் கையைத் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டு, காபி ஆறுகிறது மாமா, மெதுவாக எழுந்திருங்கள் என்றேன். காபி எங்கே என்று திட்டிக்கொண்டே வெளியே வந்தார்.

அன்றே கொட்டகையைப் பூட்டிவிட்டேன். சாவி என் தாலிக்கொடியில் கிடக்கிறது. "எம் மவன் பிளேனுக்குப் பூட்டுப் போட இவ யாரு" என்று மாமா தெருவெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறார். காரணத்தைச் சொல்லவும் பயம். சொன்னால் கடப்பாரையோடு தானே கழற்றக் கிளம்பிவிடுவார், அவர் குணம் அப்படி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி போடும்போதெல்லாம் கொட்டகைதான் போய்விட்டது என்று நினைத்து ஓடுகிறேன். சத்யா பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று தெரிந்தும் அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறேன்.

பிளேனை விற்கச் சொல்லவில்லை. விவரம் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு உடனே வாருங்கள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இன்னொரு தடவை சொல்லாதீர்கள். இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகும் டிக்கெட் போடவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நானே சொல்லிவிடுவேன். கல்லங்குறிச்சிப் பெருமாள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இன்னொன்று. மாமா நேற்றுதான் என்னிடம் வாய் திறந்தார். "அன்னைக்கி நான் தூங்கறப்ப மவன் போன் பண்ணுனானாமே. என்னப் பத்தி எதுவும் கேட்டானா?" என்றார். முதலில் உங்களைத்தான் கேட்டார் மாமா, என்று சொல்லிவிட்டேன். நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தேவயானி