முளைத்த சாமையும் மில்லின் சுரங்கமும்

என் செல்லப் பெரியண்ணா,

ஜெயித்துவிட்டோம்! காளப்பநாயக்கன்பட்டியில் நீங்கள் வேலை பார்த்த பழைய நூல் மில்லை இனி யாரும் இடிக்கப் போவதில்லை. நம் மலையின் எடப்புளி நாட்டுச் சாமையும் மிளகும் வைக்கும் குடோனாக அது நம் விவசாயிகள் சங்கத்தின் கைக்கு வந்துவிட்டது. சங்கத்தின் செயலாளர் யார் தெரியுமா? உங்கள் வாயாடித் தங்கச்சிதான்.

போன மாதம் எல்லாம் கைநழுவிப் போகப் பார்த்தது. கட்டடத்தைப் பார்க்க வந்த இன்ஜினியர் கம்பியால் தரையைத் தட்டினார். தொம் தொம் என்று சத்தம் வந்தது.

“அடியில பூரா குழி உழுந்திருக்குதுங்க. இடிச்சுப்போடறதுதான் நல்லதுங்க,” என்றார்.

எனக்கு உங்கள் சாமை மூட்டை நினைவுக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சந்தைக்கென்று அம்மா கொடுத்தனுப்பிய உமி போகாத சாமையை, குளுகுளுவென்று இருக்கிறதே என்று தரைக்கு அடியிலிருந்த சுரங்கத்தில் வைத்தீர்களே! நூல் அறாமலிருக்க ஈரக்காற்றை மேலே அனுப்பும் வழி அது என்று மலையிலிருந்து இறங்கியவருக்கு எப்படித் தெரியும்? ஒரே வாரத்தில் மூட்டை முழுக்க முளை.

“ஏஞ்சாமி, மில்லுக்குள்ள வெள்ளாமையா பண்ற?” என்று அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

“ஏனுங்க, அது குழி இல்லீங்க. காத்துப் போற வழி. எறங்கிப் பாக்கலாம் வாங்க,” என்று இன்ஜினியரிடம் சொன்னேன். அவர் தயங்கினார். நான் சேலையைச் செருகிக்கொண்டு முதலில் இறங்கிவிட்டேன்.

டார்ச் அடித்துப் பார்த்தால், செங்கல் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. சுண்ணாம்புச் சாந்தில் ஒரு கீறல் இல்லை. இன்ஜினியர் ஒவ்வொரு வளைவாகத் தட்டி, அளந்து பார்த்தார்.

“என்னைய விடக் கெட்டியா இருக்குதுங்க அக்கா,” என்று சிரித்தார். இடிக்கும் பேச்சு அங்கேயே முடிந்தது.

நேற்று முதல் லாரி வந்தது. ரம்பப் பல் போன்ற அந்தக் கூரையில் கண்ணாடிகளெல்லாம் வடக்கே பார்த்துத்தானே இருக்கின்றன? நூற்பவர்களுக்குக் கண் கூசாமலிருந்த அந்த வெளிச்சம் நம் மூட்டைகள்மேல் விழுந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் வெட்கப்பட்டு ஊராரிடம் மறைத்த கதைதான் மில்லைக் காப்பாற்றியது, அண்ணா. அதைக் கேட்க இல்லாமல் போய்விட்டீர்களே?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மேலே இடம் போதாவிட்டாலும் சாமையைச் சுரங்கத்தில் வைக்க மாட்டேன். நேற்று வைத்த ஒரே ஒரு பிடியைத் தவிர. அது உங்கள் பங்கு.

உங்கள் வாயாடித் தங்கச்சி,
பொன்னி